வாடகைக்கு இருக்கிறவ

என் சின்னம்மாவை இந்த நாட்டைவிட்டு அனுப்பியவள் நான்.

அரசாங்கம் அனுப்பியது என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் சொல்வார்கள். சட்டம் அனுப்பியது என்று அப்பா சொல்வார். நம்பாதீர்கள். சட்டம் எங்கள் வாசல்வரை வந்தது, கதிரையில் இருந்து தேநீர் குடித்தது, ஒரு வார்த்தை கேட்டது. அந்த வார்த்தை கிடைத்திருந்தால் எழும்பிப் போயிருக்கும். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் நின்றேன். வேறொன்றைச் சொன்னேன்.

இத்தனை வருடங்களில் இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்... கேட்காததால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். "பாவம், அப்ப நீர் சின்னப்பிள்ளைதானே" என்று சொல்லி என் தலையைத் தடவமாட்டீர்கள். நான் அப்போது சின்னப்பிள்ளையும் அல்ல. எஸ்.எஸ்.சி. சோதனை சித்தியடைந்து, ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்தவள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். யாருக்குச் செய்தேன் என்று சொல்லாமல் என்ன செய்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி ஒப்புதல்.

சின்னம்மாவின் பெயர் கனியம்மாள். தூத்துக்குடிப் பக்கம். வெள்ளைக்காரக் கப்பற்படை எங்கள் துறைமுகத்தில் நின்ற காலத்தில் அவருடைய கணவர் படங்கு தைக்கும் வேலைக்கு வந்தார். படங்கு என்றால் அந்தக் கனத்த கித்தான் துணி. படகுகளுக்குப் போர்வை, கப்பல் தட்டுக்கு நிழல், லொறிக்கு மூடுதுணி. படை போனபின்பு வெளியாட்களுக்குத் தைக்கத் தொடங்கினார். இருவரும் எங்கள் வீட்டின் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தார்கள். நான் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். சில வருடங்களில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். சின்னம்மா அவருடைய ஊசியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்.

நீங்கள் அந்த ஊசியைப் பார்த்திருக்கவேண்டும்! என் விரலளவு நீளம். உள்ளங்கையில் தோல்பட்டை ஒன்றைக் கட்டி, அதால் ஊசியின் தலையை அழுத்தித் தள்ளுவார். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவார். அவருடைய கைகள் எப்போதும் மெழுகும் தாரும் மணக்கும். சவர்க்காரம் போட்டும் போகாது. அந்த மணத்தில்தான் நான் வளர்ந்தேன்.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் லொறிக்காரர்கள் கிழிந்த படங்குகளைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒன்றை விரித்தால் முற்றம் போதாது. ஒரு கரை குசினிக்குள் ஏறும். கோழிகள் அதன்மேல் நடக்கும். அம்மா அகப்பையோடு நின்று ஏசுவா. சின்னம்மா தலை நிமிராமல், "அக்கா, இன்னிக்கு உங்க குசினியில லாரி நிக்கிது, கொஞ்சம் சுத்திப் போங்க" என்பார்.

அம்மா இலங்கைத்துறை என்ற கிராமத்தில் பிறந்தவ. கூடப்பிறந்தவர் யாருமில்லை. கலியாணம் முடித்துப் பட்டினத்துக்கு வந்த பிறகு, சண்டை பிடிக்க ஒரு தங்கச்சி கிடைத்துவிட்டா என்று அப்பா சொல்வார். அவர்களுடைய சண்டை முழுவதும் தேங்காய்ப்பால் பற்றியது. பால் விடாமல் ஒரு மீன்கறியா என்று அம்மாவுக்கு ஆத்திரம். எல்லாவற்றிலும் பாலை ஊற்றினால் மீன் உயிர் வந்து நீந்திப் போய்விடும் என்று சின்னம்மா. கடைசியில் இரண்டு சட்டியில் இரண்டு கறி. நான் இரண்டையும் தின்று வளர்ந்தவள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கப் பிடிவாதம் பிடித்தவரும் சின்னம்மாதான். அப்பா உட்துறைமுகத்தில், கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகும் வத்தைகளில் வேலை செய்தார். பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் போதும் என்பது அவருடைய எண்ணம். சின்னம்மா சம்மதிக்கவில்லை. எனக்கு ஊசியைத் தொடவும் விடவில்லை. நான் ஆசைப்பட்டு ஒருநாள் தோல்பட்டையை மாட்டிப் பார்த்தபோது கையிலிருந்து பறித்துவிட்டார். அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பின்னேரங்களில் நான் பாடத்தை அவருக்குச் சத்தமாக வாசிக்கவேண்டும். அவர் தைத்துக்கொண்டிருப்பார். நான் எங்கேயாவது தடக்கினால் ஊசி நிற்கும். "என்ன, நூல் அந்து போச்சா?" என்பார். நான் திரும்ப வாசிப்பேன். ஊசி ஓடும். ஆங்கிலப் பாடமென்றாலும் அப்படித்தான். விளங்காத மொழியில் நான் தடக்கிய இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது! பிறகுதான் விளங்கியது, அவர் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பெரியபிள்ளையானபோது பந்தல் போடக் கூரைத்துணி இல்லை. சின்னம்மா பழைய படங்குத் துண்டுகளைப் பொருத்தி ஒரு பந்தல் தைத்தார். அதில் இரண்டு இடத்தில் கடற்படை முத்திரை அழியாமல் நின்றது. ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையை இனி நீர்மூழ்கிக் கப்பலில்தான் கொண்டுவரவேண்டும் என்றார் முன்வீட்டுப் பாக்கியம் மாமி. தான் விதவை என்று சின்னம்மா சடங்கு முடியும்வரை முன்னுக்கு வரவில்லை. அம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் நிறுத்தினா.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

இது ஒரேநாளில் நடந்ததென்று நினைக்காதீர்கள். அந்த வசனம் என் வாயில் நெடுநாள் பழகிக் கிடந்தது.

எட்டாம் வகுப்பில் படிக்கையில் ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டேன். சின்னம்மா அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். தார் பட்ட சேலை, வெறுங்கால். என் பெயரை அவருடைய ஊர்ப்பேச்சில் நீட்டிக் கூப்பிட்டார். வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "அது ஆர், உங்கட கள்ளத்தோணி அம்மாவோ?" எல்லாரும் சிரித்தார்கள்.

உங்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியாவிட்டால் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து களவாகத் தோணியேறி வந்தவர் என்று அர்த்தம். யாரும் யாரையும் சொல்லலாம். சொல்லப்பட்டவர் தன் தகப்பன் பிறந்த இடத்தை நிரூபிக்கவேண்டும். வத்தைக்காரன் மகளைப் பார்த்து அதைச் சொல்வது மிகவும் சுலபம்.

நான் சொன்னேன்: "சொந்தமில்லை. வீட்டில வாடகைக்கு இருக்கிறவ."

சொன்னபிறகு சாப்பாட்டை வாங்கினேன். பால் விடாத மீன்கறி. ருசித்துச் சாப்பிட்டேன்...

பிறகு அந்தச் சட்டம் வந்தது. ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் வீடுவீடாக வந்து சொன்னார். இலங்கைப் பிரசை அல்லாதவர்களுக்குத் துறைமுகப் பகுதியில் வீடோ அறையோ வாடகைக்குக் கொடுப்பதென்றால் இனி அரசாங்க அலுவலகமான கச்சேரியின் அனுமதி வேண்டுமாம். அனுமதி இல்லாமல் குடிவைத்தால் வீட்டுக்காரரும் பதில் சொல்லவேண்டும். குடியிருக்க உறுதியான இடம் காட்டமுடியாதவர்களுக்கு நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள். ஒன்று போனால் மற்றதும் போகும்.

சின்னம்மா இந்தியக் கடவுச்சீட்டுக்காரர். கணவர் இருந்தபோது எடுத்தது. தூத்துக்குடியில் அவருக்கென்று யாருமில்லை. இருந்த ஒரு தமையனும் செத்துப் பல காலம்.

விதானையார் நல்ல மனிதர். போகும்போது எங்கள் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்குச் சொல்வதுபோல ஒன்று சொன்னார். வாடகைக்காரருக்குத்தான் இந்தச் சட்டம். கூடப்பிறந்தவள் வீட்டோடு இருந்தால் அது குடித்தனம், வாடகை இல்லை. இந்தியாக்காரனைக் கலியாணம் முடித்து இந்தியாக்காரியாகிப்போன பெண்கள் இந்த ஊரில் இல்லையா என்ன? விசாரிக்க வருகிறவருக்கும் வீட்டார் வாயால் ஒரு சொல் போதும்.

பொய்யென்று பிடிபட்டால் துறைமுகத்தில் அப்பாவின் வேலைக்கு ஆபத்து. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு இருந்தா. கடைசியில் அப்பா, "அவளை எங்க அனுப்புறது? வாறது வரட்டும்" என்றார்.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அப்பா சம்மதித்துவிட்டார். பிற்காலத்தில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு, அப்பாவின் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்பது. அந்தச் சாட்டை இங்கேயே போட்டுவிடுகிறேன். அது பொய்.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாடகப் பழக்கம் நடந்தது. சின்னம்மாவை இலங்கைத்துறைக்காரி ஆக்கவேண்டும். நாற்காலி என்று சொல்லக்கூடாது, கதிரை. முடியாது இல்லை, ஏலாது. அவரும் கெட்டிக்காரிபோலச் சொல்லிக்கொண்டு வருவார். அடுப்பில் பால் பொங்கினால் எல்லாவற்றையும் மறந்து தூத்துக்குடிக்கே போய்விடுவார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பா. "உனக்குப் பேச்சு வராது. நீ செவிடி எண்டு சொல்லிவிடுறன்" என்றா. "செவிடின்னா உங்க திட்டைக் கேக்கவேண்டாமே, நல்லதுதான்" என்றார் சின்னம்மா. நானும் சிரித்தேன். நான்தான் வாத்தியார். எந்தச் சொல்லை எப்படிச் சொல்லவேண்டும் என்று திருத்தியவள் நான்.

அந்தச் சனிக்கிழமை காலை விசாரிக்க வந்தவர் இளைஞர். பட்டதாரி. வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. விதானையார் கூட வந்தார். சின்னம்மா அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைகளைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, கதவோரம் நின்றார். படங்கெல்லாம் சுருட்டிப் பின்னுக்குப் போட்டிருந்தோம்.

நான் தேநீர் கொண்டுபோனேன். அவர் என்னிடம் ஆங்கிலத்தில் என்ன படித்தேன் என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் அந்த மொழியில் ஒருவர் என்னோடு பேசியது அதுதான் முதல்தடவை. என் உச்சரிப்பு நன்றாயிருக்கிறது என்றார். அம்மாவும் அப்பாவும் விளங்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையை நீங்கள் குறைத்து மதிப்பிடாதீர்கள். அது ஒரு நல்ல உணர்ச்சி. அதை எனக்கு வாங்கித் தந்தவர் கதவோரம் நின்றார்.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். அம்மா தடுமாறாமல் சொன்னா: "என்ட தங்கச்சி."

அவர் சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு, கெட்ட எண்ணமே இல்லாமல், "அப்ப உங்கட தாய்வழி இந்தியாக் கரையோ?" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. பள்ளிக்கூட வாசல் முழுவதும் எங்கள் முற்றத்துக்குள் வந்து நின்று சிரித்தது.

அவர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்துக்கொண்டு போக விருப்பம் என்பது அவர் இருந்த விதத்திலேயே தெரிந்தது. "நீங்கள் படிச்ச பிள்ளை. நீங்கள் சொன்னாச் சரி. சின்னம்மாதானே?"

"இல்லை," என்றேன். "வாடகைக்கு இருக்கிறவ."

விதானையார் இருமினார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்றுவரை அந்த நேரத்து முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. அந்த இளைஞர், உண்மையைச் சொன்னது நல்லது என்று மெதுவாகச் சொன்னார். சந்தோசமாகச் சொல்லவில்லை.

அப்போது கதவோரத்திலிருந்து சின்னம்மா முன்னுக்கு வந்தார். மறைத்துவைத்த கைகளை எடுத்துக் கும்பிட்டார். நாங்கள் பழக்கிய பேச்செல்லாம் போய்விட்டது. "ஆமாங்கய்யா, புள்ள சொல்றது சரிதான். அக்கா ஒரு பாசத்துல சொல்லிட்டாங்க. அவங்க பேர்ல குத்தம் எழுதிராதீங்க."

அவர் எழுதவில்லை. அம்மா தப்பினா, அப்பாவின் வேலை தப்பியது. சின்னம்மாவுக்கு வேறு இடம் பார்க்கக் கொஞ்சக் காலம் கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு இடம்!

உங்களுக்கு எங்கள் ஊர் மனிதர்களைத் தெரியாது. ஒருவரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். சின்னம்மாவோடு நானும் போனேன், வீடுவீடாக. எல்லா வீட்டிலும் கதிரை போட்டார்கள், தேநீர் தந்தார்கள். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள், அந்த அறை வேண்டும். கூரை ஒழுகுகிறது, தை பிறந்தபிறகு பார்ப்போம். கிண்ணியா லொறி முதலாளி ஒருவர் அக்கரையில் தன் பண்டகசாலையோடு ஓர் அறையைத் தருவதாகச் சொன்னார். அது சீனன்குடாவுக்குப் பக்கத்துக் கரை. விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கிற இடம். அங்கே இன்னும் இறுக்கம் என்று தெரிந்ததும் அவர் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இறக்கக்கண்டியில் ஒரு மீனவர் தன் கொட்டிலைத் தருகிறேன் என்றார். அடுத்த கிழமை ஒரு கோர்வை மீனோடு வந்தார். மனைவி பயப்படுகிறா என்றார். மீனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முன்பெல்லாம் இந்த மனிதர்கள் சின்னம்மாவைக் கண்டால் வழியில் நின்று கதைப்பார்கள். இப்போதும் நின்றார்கள். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன்பே, எங்கே வீடு கேட்டுவிடுவாரோ என்று, தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒரு சட்டம் நல்ல மனிதர்களை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி! அவர்கள் பயத்தால் செய்தார்கள்.

போன வீடெல்லாம் கேட்டார்கள், இத்தனை காலம் இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று. சின்னம்மா என் தோளில் கைவைத்துச் சொல்வார்: "எங்க புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது." அதை ஒரு பெருமையாகச் சொல்வார். அவர்களும் என்னை மெச்சுவார்கள். படித்த பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடிப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன்...

விதானையார் ஒருநாள் என்னைத் தனியே கண்டு, இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றார். பயத்தில் தடுமாறிச் சொல்லிவிட்டேன், சின்னம்மாதான் என்று நானே போய்ச் சொன்னால் அந்தத் தம்பி மாற்றிக்கொள்வார், அவருக்கும் மனம் சரியில்லை என்றார். அடுத்தநாள் காலை தலையிழுத்து, நல்ல சேலை கட்டி, கச்சேரிக்குப் போனேன். வழிநெடுக வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அந்த இளைஞர் வெளியே மரத்தடியில், தன்னைப்போன்ற நாலைந்து பேரோடு நின்றார். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டு, ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? ஆசிரிய நியமனங்கள் எப்போது வரும் என்று கேட்டேன்.

அவர் பதில் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சின்னம்மா எனக்காகச் சாப்பிடாமல் இருந்தார்.

தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. சின்னம்மாவை வழியனுப்பப் பின்னேர ரயிலுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். இடையில் மாறி, தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அம்மாவும் சின்னம்மாவும் அழுவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அவர்கள் அழவில்லை. சோற்றுப்பொதியைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். அம்மா பால் விட்ட கறியைக் கட்டியிருந்தா. ரயில் சூட்டுக்கு அது புளித்துப் போகும் என்று சின்னம்மா. மணந்தாலும் பரவாயில்லை, தின்னு என்று அம்மா.

பாக்கியம் மாமி வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டா. வழியனுப்ப வந்த இடத்திலும், "வளத்த பிள்ளையே காட்டிக்குடுத்திட்டுது, என்ன கனி?" என்றா. பாதி பகிடி, பாதி குத்தல்.

சின்னம்மா என் சட்டையின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். "அது பொய் சொல்லாத புள்ள, மாமி. அப்படி வளத்தது நான். குத்தம்னா அது என் குத்தம்." பிறகு என்னைப் பார்த்தார். நேராக, வெகுநேரம். சிரித்தார்.

அந்தப் பார்வையின் அர்த்தம் வீட்டுக்கு வந்தபிறகு விளங்கியது.

அம்மா வெறுமையான அறையைக் கூட்டிக்கொண்டு இருந்தா. கூட்டுவதை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல் கேட்டா: "வாடகை எண்டு ஒண்டு அவள் எப்ப தந்தவள்?"

நான் அறிவேன். கணவர் செத்தபிறகு வந்த முதல் மாதம் சின்னம்மா வாடகையைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா கையைத் தட்டிவிட்டா. தங்கச்சியிடம் ஆராவது வாடகை வாங்குவார்களா என்று ஏசினா. அந்த நாளோடு அந்தக் கதை முடிந்தது. அதன்பின்பு ஒரே குசினி, ஒரே அரிசிப்பானை. நான் அங்கேதான் நின்றேன், சிறுமியாக, இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு.

ஆகவே கேளுங்கள். அன்று அந்த முற்றத்தில் அம்மா சொன்னது பொய்யல்ல. ஒரேயொரு பொய்தான் சொல்லப்பட்டது. அதைச் சொன்னவள் நான். அது பொய்யென்று சின்னம்மாவுக்கும் தெரியும்! தெரிந்துகொண்டுதான் என் தோளில் கைவைத்து வீடுவீடாக என்னை மெச்சிக்கொண்டு வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல், நான் வாழப்போகும் ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயரை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரில்தான் இன்று வாழ்கிறேன். நியமனம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது தடக்கினால் என் நெஞ்சில் ஏதோ நிற்கிறது.

வெட்கத்தால் செய்தேன். பயமென்று சொன்னால் நீங்கள் மன்னிப்பீர்கள். உண்மைமேல் பற்று என்று சொன்னால் மெச்சுவீர்கள். வெறும் வெட்கம். அந்தக் கைகளை என் சொந்தக் கைகள் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

சின்னம்மாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. எழுதத் தெரியாதவர், எழுதுவிக்கவும் ஆளில்லை. எங்களுக்கும் எந்த இடத்துக்கு எழுதுவதென்று தெரியவில்லை.

போன ஆடியில் பாக்கியம் மாமி இராமேஸ்வர யாத்திரை போய்வந்தா. திருநீறும் தீர்த்தமும் கொண்டுவந்தா. எங்கள் வாசலில் இருந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னா: மண்டபத்தில், கப்பலில் வந்து இறங்குகிறவர்களை வைத்திருக்கும் முகாமுக்குப் பக்கத்தில், தெருவோரம் கூடாரத்துணி தைத்துக்கொண்டு இருந்த ஒருத்தியைக் கண்டாவாம். கனியம்மாள்தான். மெலிந்திருக்கிறாளாம். பல்லு ஒன்றிரண்டு போய்விட்டதாம். அங்கே அவளைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். வீடு வாடகைக்குக் கேட்டால், சிலோன்காரிக்கு வீடு கொடுக்கிறதில்லை என்கிறார்களாம். இன்னும் முகாம் ஓரத்துக் கொட்டிலில்தான் இருக்கிறாளாம்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டா.

"எல்லாரையும் விசாரிச்சா," என்றா மாமி. "பக்கத்தில இருந்த சனத்துக்கு என்னைக் காட்டிச் சொல்லுறா, 'எங்க அக்கா ஊர்லேருந்து வந்திருக்காங்க. அக்கா மக அங்க டீச்சரா இருக்கா' எண்டு." மாமி என் பக்கம் திரும்பினா. பகிடி இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பினா. "நான் இவ்வளவு காலமும் வாடகைக்கு இருந்தவ எண்டெல்லோ நினைச்சிருந்தனான். பிள்ளை, அவ உங்கட சொந்தமோ?"

"ஓம் மாமி," என்றேன். "சின்னம்மா."

மாமி தலையாட்டிவிட்டு, தீர்த்தச் செம்பை அம்மாவிடம் நீட்டினா. ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது. வானம் இடிந்து விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை, என் உத்தியோகம் போகவில்லை.

இவ்வளவு இலேசான சொல்லா அது!